ஆபீஸ் டென்ஷனுக்கு யார் காரணம்? ஒரு லைப்ரரி சொன்ன பதில்!

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு டென்ஷன் எதனால் வருகிறது?

உங்களைக் கேட்டால் ஒரு லிஸ்ட்டே கொடுப்பீர்கள். மேனேஜர். மாதக் கடைசி. மாதக் கடைசியில் மேனேஜர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்து, 'திங்கட்கிழமை காலையில டேபிள் மேல இருக்கணும்' என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போகப்படும் ஃபைல்...

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் வேலி ஸ்டேட் யுனிவர்சிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் நூலகத் தேடல் ஸிஸ்டத்திடம் 2015-ல் ஏறக்குறைய இதே கேள்வியைப் போட்டார்கள். 'வேலையிடத்தில் மன அழுத்தம்' என்று டைப் பண்ணித் தட்டியதும் புத்தகங்களும் கட்டுரைகளும் வரிசையாக வந்தன. அதோடு, வலது பக்கம் தனியாக ஒரு பெட்டி. 'நீங்கள் தேடும் விஷயத்துக்கு இதோ ஓர் அறிமுகம்' என்கிற தோரணையில் அதில் ஒரு விக்கிபீடியா கட்டுரை. தலைப்பு என்ன தெரியுமா?

'வேலைக்குப் போகும் பெண்கள்'!

அதாவது, டென்ஷனா... காரணம் லேடீஸ்!

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், தப்பில்லை. டீக்கடை பெஞ்சில் யாராவது இப்படிச் சொன்னால் 'உங்க வீட்டம்மா கிட்ட சொல்லட்டுமா?' என்று ஒரு போடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஆனால் சொன்னது யுனிவர்சிட்டி லைப்ரரி. அங்கே கட்டுரை எழுத வந்த பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ அதைப் பெஞ்சுப் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லைப்ரரியே சொல்கிறதே என்று நம்பிவிடுவார்கள்.

இந்த மாதிரி ஸிஸ்டங்களுக்கு 'டிஸ்கவரி ஸிஸ்டம்' என்று பெயர். கடந்த இருபது வருஷமாக உலகத்துப் பல்கலைக்கழக நூலகங்கள் பழைய கேட்டலாக்கை ஓரங்கட்டிவிட்டு இதை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கின்றன. மாட்டியது சரிதான், சந்தேகமே இல்லை. பழசு எவ்வளவு பாடு படுத்தியது என்று தெரிந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கடைசியில் வந்தவனுக்கு முதல் இலை

அந்தக் கால லைப்ரரியில் மருந்துக் கடை அலமாரி மாதிரி சின்னச் சின்ன மர டிராயர்கள் இருக்கும். இழுத்தால் உள்ளே உள்ளங்கை அகல அட்டைகள், அடியில் ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்திருக்கும் (யாரும் பிய்த்துக்கொண்டு போகக்கூடாதே!). ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஓ.சி.எல்.சி. என்கிற கூட்டுறவு அமைப்பு 1971-லிருந்து இந்த அட்டைகளை அச்சடித்து நூலகங்களுக்கு அனுப்பி வந்தது. மொத்தம் 190 கோடி அட்டைகள். கடைசி அட்டை அச்சானது 2015 அக்டோபர் 1-ம் தேதி. நம்புங்கள், அதுவரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்!

அட்டையில் ஒரு விசேஷம். எல்லாம் அகர வரிசை. அகர வரிசைக்கு யார் மேலும் பாசம் கிடையாது, கோபமும் கிடையாது. 'ஏன் இது முதலில் நிற்கிறது?' என்று கேட்டால் எல்.கே.ஜி. குழந்தைகூட பதில் சொல்லிவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அட்டையில் இருந்ததை அப்படியே திரையில் ஏற்றினார்கள். ஒரு வார்த்தையைப் போட்டால் இரண்டாயிரம் புத்தகம் வரும். எந்த வரிசையில்? பல நூலகங்களில், கடைசியாகப் பட்டியலில் ஏறிய புத்தகம் முதலில்! பந்திக்கு முந்து என்பார்கள். இங்கே பிந்தி வந்தவனுக்குத்தான் முதல் இலை. அந்தத் துறையின் ஆதாரமான புத்தகம், எல்லாரும் படித்தே ஆகவேண்டியது, நாற்பதாவது பக்கத்தில் பவ்யமாக உட்கார்ந்திருக்கும். ஒரு எழுத்துப் பிழையாக அடித்துவிட்டால் போச்சு, 'ஒன்றும் இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில். பையன் என்ன நினைப்பான்? 'இந்த லைப்ரரியில் அந்தப் புத்தகம் கிடையாது போலிருக்கு' என்று எழுந்து போய்விடுவான். புத்தகமோ மூன்றாவது மாடியில், மேல் தட்டில், அவனுக்காகக் காத்திருக்கும்.

இந்தக் கேட்டலாக்குகளுக்கு மேலே கொஞ்சம் கலரடித்து, பட்டன்களை இடம் மாற்றி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ராய் டென்னன்ட் என்கிற நூலகர் பொறுக்க முடியாமல் 2005-ல் ஒரு பத்தி எழுதினார். தலைப்பு 'பன்றிக்கு லிப்ஸ்டிக்'. மேற்கொண்டு விளக்கம் தேவையா?

சட்டைக்கடை ஸாஃப்ட்வேர்

நார்த் கரோலினா மாநிலத்துத் தலைநகர் ராலே. அங்குள்ள நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி நூலகம் 2006 ஜனவரியில் ஒரு காரியம் செய்தது. நூலக ஸாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகளை விட்டுவிட்டு, கடைக்காரர்களுக்கு ஸாஃப்ட்வேர் விற்கும் எண்டெகா என்ற கம்பெனியிடம் போனது. ஹோம் டிப்போ, வால்மார்ட் மாதிரி ராட்சசக் கடைகளின் வலைத்தளங்களில் சுத்தியலும் சுவர்க்கடிகாரமும் தேடித் தருகிற அதே ஸாஃப்ட்வேர். அதைப் புத்தகத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

வித்தை ரொம்ப சிம்பிள். ஆன்லைனில் சட்டை வாங்கியிருப்பீர்கள். 'சட்டை' என்று அடித்தால் பத்தாயிரம் வரும். இடது பக்கத்தில் கட்டம் கட்டமாக... சைஸ் 40, முழுக்கை, நீலம், எண்ணூறு ரூபாய்க்குள். டிக் அடிக்க அடிக்க பத்தாயிரம் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். அதே மாதிரி 'ஜாவா' என்று லைப்ரரியில் அடித்தால் கம்ப்யூட்டர் மொழியும் வரும், இந்தோனேசியத் தீவும் வரும். எது வேண்டுமோ அந்தப் பொருளைத் தட்டு, எந்தக் காலம், எந்த மொழி, எந்தக் கிளையில் இருக்கிறது... தட்டிக்கொண்டே போகலாம். பிழையாக அடித்தால் 'இதையா கேட்டீங்க?' என்று மரியாதையாகக் கேட்கும். முக்கியமாக, பொருத்தமானதை முதலில் காட்டும். அடித்த வார்த்தைகள் அப்படியே தலைப்பில் இருந்தால் இவ்வளவு மார்க், எங்கோ ஒரு குறிப்பில் இருந்தால் அதைவிடக் குறைவு என்று நூலக ஊழியர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நூலக உலகமே திரும்பிப் பார்த்தது.

இடது பக்கத்துக் கட்டங்களுக்கு 'ஃபேஸட்' என்று பெயர். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோமே, அந்தப் பட்டை. ஒரே கல்லுக்குப் பல முகம். இந்த எண்ணத்தை நூலகத் துறையில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டியவர் யார் என்று தேடிக்கொண்டு போனால் நம்ம சீர்காழியில் வந்து நிற்கிறது ஸார்!

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் மதராஸ் யுனிவர்சிட்டியின் முதல் லைப்ரேரியன் ஆனார். ஆன சில நாளிலேயே போரடித்துவிட்டது. பேச்சுத் துணைக்கு ஆளில்லை, பாடம் கேட்கப் பையன்கள் இல்லை. 'என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிடுங்க' என்று கேட்டுவிட்டார். 'லண்டன் போய் நூலகவியல் படிச்சிட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலேன்னா பார்க்கலாம்' என்று சமாதானம் சொல்லிக் கப்பலேற்றினார்கள்.

லண்டனில் ஸெல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடை. அங்கே மெக்கானோ என்ற பொம்மை ஸெட்டைப் பார்க்கிறார். ஓட்டை போட்ட தகடுகள், கொஞ்சம் நட்டு, கொஞ்சம் போல்ட்டு. அதே தகடுகளைக் கழற்றிக் கழற்றி மாட்டி ஒருமுறை கிரேன், ஒருமுறை வண்டி. பொம்மையைப் பார்த்து வாத்தியாருக்குப் பொறி தட்டியது. புத்தகத்தின் பொருளையும் ஏன் இப்படித் தகடு தகடாகப் பிரித்து மாட்டக்கூடாது? 'தஞ்சாவூர் ஜில்லாவில் 1950-களில் நெற்பயிரில் பூச்சி நோய் தடுப்பு' என்று ஒரு புத்தகம் வந்தால், அதற்கென்று முன்கூட்டியே செய்துவைத்த புறாக்கூண்டைத் தேடி அலைய வேண்டாம். நெல் ஒரு தகடு, நோய் ஒரு தகடு, தடுப்பு ஒன்று, ஊர் ஒன்று, காலம் ஒன்று. இடையில் மாட்ட நட்டு போல்ட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி. 1933-ல் 'கோலன் க்ளாஸிஃபிகேஷன்' என்று அது புத்தகமாக வந்தது. போரடிக்கிறது என்று சொன்ன மனிதர் அந்த லைப்ரரியில் இருபது வருஷம் இருந்தார்! ராலேயில் டிக் அடிக்கும் பையனுக்கு இவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும், விடுங்கள்.

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவர் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. டிஸ்கவரி ஸிஸ்டம் விற்க வருகிற ஸேல்ஸ்மேன் யாராக இருந்தாலும் அடிப்படையில் இதைத்தான் விற்கிறார். நேரம்!

எல்லாம் ஒரே பெட்டியில்

எண்டெகா காட்டியது நூலகத்தின் சொந்தச் சரக்கை மட்டும்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கான வெவ்வேறு டேட்டாபேஸ்களில் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. அத்தனையையும் ஒரே நேரத்தில் தேடுகிறேன் என்று ஒரு ஏற்பாடு முன்பே இருந்தது. எப்படி என்றால், பத்துக் கடைக்குப் பத்து பையன்களை சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசிப் பையன் திரும்பி வரும்வரை வாசலில் நிற்பது. அவன் வழியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான்.

2009-ல் 'சம்மன்' என்று ஒன்று வந்தது. (கோர்ட் சம்மன் இல்லை, பயப்படாதீர்கள்.) கூடவே போட்டியாக 'ப்ரைமோ', 'எப்ஸ்கோ' வகையறா. இவை கடைக்கு ஆள் அனுப்புவதில்லை. எல்லாக் கடைகளின் சரக்குப் பட்டியலையும் முன்கூட்டியே வாங்கி ஒரே பெரிய இண்டெக்ஸாகச் சேர்த்து வைத்துக்கொண்டன. கோடிக்கணக்கான கட்டுரைகள். ஒரே பெட்டி. கண் சிமிட்டும் நேரத்தில் பதில். கிராண்ட் வேலி, சம்மனை முதன்முதலில் மாட்டிக்கொண்ட நூலகங்களில் ஒன்று.

இதில் ஒரு சம்பந்தி சண்டை உண்டு. டேட்டாபேஸ் விற்கும் எப்ஸ்கோவே டிஸ்கவரி ஸிஸ்டமும் விற்கிறது. ப்ரைமோவை விற்கும் எக்ஸ் லிப்ரிஸ் கம்பெனிக்குத் தன் சரக்குப் பட்டியலைத் தர அதற்கு அப்போது மனசில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது யார்? இரண்டு பேருக்கும் பணம் கட்டிய லைப்ரரி! அமெரிக்காவின் வடமேற்கில் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி நூலகங்கள் சேர்ந்த ஆர்பிஸ் காஸ்கேட் என்ற கூட்டணி, 2013-ல் 'இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று பகிரங்கமாகவே கடிதம் எழுதியது. பணம் கட்டி வாங்கிய கட்டுரை, பணம் கட்டி வாங்கிய பெட்டியில் தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் எரியாது?

இப்போது அகர வரிசையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு மூன்று லட்சம் பதில் வருகிறது. நீங்களும் நானும் பார்ப்பது முதல் பக்கம். மிஞ்சினால் இரண்டாவது. அப்படியானால் அந்தப் பத்து இருபதைப் பொறுக்கி எடுத்து முன்னால் நிறுத்தியது யார்? ராலேயில் 2006-ல் மார்க் போட்டது நூலக ஊழியர்கள். இங்கே போடுவது கம்பெனியின் ஃபார்முலா. அது தொழில் ரகசியம். ரசப்பொடியில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லாத மாமி மாதிரி. ரசம் நன்றாக இருக்கும்வரை யாரும் கேட்பதுமில்லை.

தேளைப் பார்த்த பிறகு

கிராண்ட் வேலியில் கேட்டார்கள். அங்கே வெப் லைப்ரேரியனாக இருந்த மாத்யூ ரீட்ஸ்மா, 'வேலைக்குப் போகும் பெண்கள்' சமாசாரத்தைச் சக ஊழியர் காட்டியதும் சிரித்துவிட்டுப் போகவில்லை. மாணவர்கள் நிஜமாகவே அடித்த ஆயிரக்கணக்கான தேடல்களை எடுத்து, அந்த வலது பக்கப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறது என்று பார்த்தார். பெரும்பாலும் ஒழுங்காகவே சொன்னது. ஆனால் பொறுக்கி எடுத்தால், சம்பந்தமில்லாத உளறல்கள் நடுவே, ஒரு மதத்தையோ ஒரு பிரிவு மனிதர்களையோ குற்றத்தோடும் வியாதியோடும் ஒட்டவைக்கிற பதில்களும் இருந்தன. 2016-ல் அதைப் பற்றி எழுதினார். 2019-ல் 'மாஸ்க்ட் பை டிரஸ்ட்' என்று புத்தகமாகவே போட்டார். நம்பிக்கையே முகமூடி என்கிற அர்த்தத்தில் தலைப்பு.

ஸிஸ்டத்துக்குப் பெண்கள் மேல் என்ன கோபம்? ஒன்றும் கிடையாது. அதற்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, டென்ஷனும் தெரியாது. ஏதோ ஒரு வார்த்தை ஏதோ ஒரு வார்த்தையோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். எது எதோடு என்று வெளியே இருந்து பார்க்க முடியாது, அதுதான் சங்கடம். ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் அந்த ஒன்றை அடைப்பார்கள். மழைக்காலத்தில் ஓட்டை அடைக்கிற மாதிரி, அடுத்தது எங்கே ஒழுகும் என்று வாளியோடு நிற்க வேண்டியதுதான்.

புது ஸிஸ்டம் வாங்குகிற கமிட்டிகள் இதிலிருந்து ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கம்பெனிக்காரர் டெமோவுக்கு அவர் வசதிப்படி நாலு வார்த்தை கொண்டுவருவார். அதைத் தேடிக்காட்டினால் எந்த ஸிஸ்டமும் ஜொலிக்கும், பெண் பார்க்கப் போன வீட்டு பஜ்ஜி மாதிரி. அதற்குப் பதிலாகச் சொந்த லைப்ரரியில் போன வருஷம் மாணவர்கள் அடித்ததில் நூறு எடுத்து, பிழையோடு அடித்ததைப் பிழையோடேயே போட்டுப் பார்க்க வேண்டும். 'நேச்சர்' என்று அடித்தால் அந்தப் பெயரில் இருக்கும் உலகப் புகழ்பெற்ற பத்திரிகை முதலில் வருகிறதா, இல்லை இயற்கையைப் பற்றி எழுதின எல்லாரும் வந்து நிற்கிறார்களா? இந்த ஒற்றை வார்த்தைப் பத்திரிகைப் பெயர்களில் தடுக்கி விழாத ஸிஸ்டம் குறைவு.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகம் வேறு மாதிரி யோசித்தது. அவர்களிடம் 'ஒமேகா' என்று சொந்தமாகவே செய்த தேடல் ஸிஸ்டம் இருந்தது. மாணவர்களோ வீட்டிலிருந்து நேரே கூகிள் ஸ்காலருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 'கண்டுபிடிக்கிற வேலையில் நாம் ஜெயிக்கப்போவதில்லை. எங்கே கண்டுபிடித்தாலும் சரி, அதைப் படிக்கக் கொடுக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வோம்' என்று முடிவெடுத்து 2013-ல் ஒமேகாவை நிறுத்தியே விட்டார்கள். துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அரைச் சம்மதம்தான். கூகிள் மட்டும் ரசப்பொடி ரகசியத்தைச் சொல்லிவிட்டதா என்ன?

ரோபோ எடுத்துத் தரும் புத்தகம்

முதல் பக்கத்தில் வராவிட்டால் என்ன, அலமாரிப் பக்கம் ஒரு நடை நடந்தால் கண்ணில் படாதா என்று கேட்பீர்கள். பட்டது, ஒரு காலத்தில். எதையோ தேடிப் போய்ப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்து, அதிலேயே வாழ்க்கையின் திசை மாறியவர்கள் நிறைய.

அதே ராலேயில், அதே யுனிவர்சிட்டி, 2013 ஜனவரியில் ஹன்ட் லைப்ரரி என்று புதிதாக ஒன்றைத் திறந்தது. உள்ளே புக்பாட் என்ற ரோபோ ஏற்பாடு. ஐம்பது அடி உயர அறை, 18,000 இரும்புத் தொட்டிகள், 20 லட்சம் புத்தகம்வரை அடுக்கலாம். சாதாரண அலமாரிக்கு ஆகும் இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். கம்ப்யூட்டரில் தேடிக் கேட்டால் ரோபோ சர்ரென்று போய்த் தொட்டியைத் தூக்கி வரும். ஐந்து நிமிஷத்தில் புத்தகம் கையில். கண்ணாடிச் சுவர் வழியாக வேடிக்கை பார்க்கலாம்.

பார்க்கத்தான் முடியும், நடக்க முடியாது. உள்ளே மனிதருக்கு வழி இல்லை. தொட்டிக்குள் புத்தகங்கள் சைஸுக்குத் தக்கபடி அடுக்கப்பட்டிருக்கும், பொருளுக்குத் தக்கபடி அல்ல. சமையல் பக்கத்தில் ஸிமென்ட், ஸிமென்ட்டுக்குப் பக்கத்தில் ஷேக்ஸ்பியர். அப்படிப்பட்ட இடத்தில் தேடல் பெட்டி ஒன்றுதான் வாசல். அது ஒரு புத்தகத்தைக் காட்டாவிட்டால் அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். முதுகெலும்பு தெரிய அலமாரியில் நின்று யார் கண்ணிலாவது படும் யோகமும் அதற்குக் கிடையாது.

ராலேக்காரர்களுக்கு இது தெரியும். எண்டெகாவை 2011-ல் ஆரக்கிள் கம்பெனி வாங்கிவிட்டது. இவர்கள் பிற்பாடு டியூக், சேப்பல் ஹில், நார்த் கரோலினா ஸென்ட்ரல் என்ற அண்டை யுனிவர்சிட்டிகளோடு கூட்டுச் சேர்ந்து வேறொரு ஸிஸ்டத்துக்கு மாறினார்கள். அடிப்படை 'பிளாக்லைட்' என்ற இலவச ஸாஃப்ட்வேர், வர்ஜீனியா யுனிவர்சிட்டியில் பிறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தலைப்புக்கு எத்தனை மார்க், குறிப்புக்கு எத்தனை என்று மறுபடி நூலகமே தீர்மானிக்கலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும், அது தனிச் செலவு. எல்லா லைப்ரரிக்கும் கட்டுப்படியாகாது.

ஹன்ட் லைப்ரரி திறந்தபோதே இன்னொன்றும் வைத்தார்கள். ஒரு புத்தகத்தைத் திரையில் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினால், பழைய அலமாரியில் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தெந்தப் புத்தகங்கள் நின்றிருக்குமோ, அவற்றின் அட்டைப் படங்கள் வரிசையாக வரும். பொருத்தம், பிரபலம், கம்பெனி ஃபார்முலா எதுவும் இல்லை. வகைப்பாட்டு எண் வரிசை மட்டும். விரலால் தள்ளிக்கொண்டே போகலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்.